தூக்கத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்

சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் என் மாணவன் ஒருவன், போன மாதம் பாடசாலை விட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "டீச்சர், நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இருவது நிமிசம் தூங்குனாப் போதுமாம். ஒரு நாளைக்கு மொத்தமே ரெண்டு மணித்தியாலம்தான். மிச்ச நேரம் பூராவும் படிக்கலாம்" என்றான். யாரோ ஒருவர் வீடியோவில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித் தூங்கித்தான் முன்னேறினார்களாம்.

வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளை கேட்கவில்லை. மூன்று நாள் செய்து பார்த்திருக்கிறான். மூன்றாம் நாள் பொகவந்தலாவையில் பஸ் ஏறி, நோர்வூட்டில் டியூஷன் வகுப்புக்கு இறங்க வேண்டியவன், ஹட்டன் பஸ் நிலையத்தில்தான் கண் விழித்தான். மறுநாள் அவனுடைய அம்மா பாடசாலைக்கு வந்தார். நான் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். "நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாள்ல இருந்து அப்புடித்தானே டீச்சர் தூங்குறேன். எனக்கு என்ன முன்னேற்றம் வந்துச்சு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. இன்று நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதிய வித்தையாகக் காட்டப்படும் துண்டுத் தூக்கம், மலையகத்தில் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. அதை நாம் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. வேலை நேரமும், லயத்துக் காம்பராவும், வீட்டு வேலையும் சேர்ந்து நம் தூக்கத்தை வெட்டி வைத்திருக்கின்றன. சம்பளத்தையும் காணியையும் பற்றி எத்தனையோ கூட்டங்களில் பேசிய நாம், தூக்கத்தைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

முதலில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு ஒழுங்கான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்களும் இதைப் படிப்பார்கள்.

துண்டுத் தூக்கத்துக்குப் பல அட்டவணைகள் இருக்கின்றன. இரண்டு மணித்தியாலத்தை ஆறு துண்டாகத் தூங்குவதற்கு 'ஊபர்மேன்' என்று பெயர், அதாவது அதிமனிதன். இரவில் மூன்று மணித்தியாலமும் பகலில் இருபது நிமிடமாக மூன்று தடவையும் தூங்குவது இன்னொன்று. இவற்றைச் சொல்பவர்கள் அடிக்கடி காட்டும் சாட்சி, பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அரை மணி வீதம், நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் தூங்கினார் என்று 1943 இல் 'டைம்' சஞ்சிகை எழுதியது. அவர் அதைக் கைவிட்ட காரணத்தையும் அதே சஞ்சிகை எழுதியிருக்கிறது. அவரோடு வேலை செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போலத் தூங்கியதால் இவருடைய நேரம் அவர்களோடு ஒத்துவரவில்லையாம். தனி அறையும் சொந்த நேரமும் இருந்த மனிதருக்கே அது சரிப்படவில்லை. ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் என்ன ஆகும்?

இன்னொரு சாட்சி, தனியாகப் பாய்க்கப்பல் ஓட்டிக் கடலைக் கடக்கும் போட்டியாளர்கள். கிளாவ்டியோ ஸ்டாம்பி என்ற இத்தாலிய ஆய்வாளர் இவர்களை ஆராய்ந்தார். தூங்கிவிட்டால் கப்பல் எதிலாவது மோதும் என்பதால் அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தூங்கினார்கள். அது நெருக்கடிக்கு ஒரு வழி. கரைக்கு வந்தால் அவர்களும் நீட்டி நிமிர்ந்துதான் தூங்குவார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லோரும் துண்டாகத்தான் தூங்கினார்கள்" என்றும் ஒரு பேச்சு உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ரோஜர் எக்கர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 2001 இல் எழுதிய கட்டுரையில், மின்விளக்கு வருவதற்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரவை இரண்டாகப் பிரித்துத் தூங்கியதைக் காட்டினார். நடுவில் எழுந்து பிரார்த்தனை செய்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள், பிறகு மறுபடியும் படுத்தார்கள். இருட்டு நேரம் முழுவதும் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. தூக்கத்தின் நடுவில் ஓர் இடைவெளி விழுந்ததே தவிர, தூக்கம் குறையவில்லை. இதை இரண்டு மணித்தியாலத் தூக்கத்துக்குச் சாட்சியாகக் காட்டுவது, நிறுவையில் கல்லை மாற்றி வைப்பது போன்றது. நிறுவையில் ஏமாந்து பழகிய நமக்கு இது புரியும்.

மருத்துவம் சொல்வது தெளிவானது. வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது தேவை. 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் தேவை. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. அந்தச் சுற்றுக்குள் ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமும் மாறி மாறி வருகின்றன. படித்தது மனதில் தங்குவதற்கு இந்த இரண்டும் உதவுகின்றன. இருபது நிமிடத்தில் அந்தச் சுற்று முடியாது. 2021 இல் அமெரிக்கத் தேசியத் தூக்க நிறுவனம் அமைத்த நிபுணர் குழு, துண்டுத் தூக்க அட்டவணைகள் பற்றிய ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்தது. நன்மை இருப்பதற்கு ஆதாரமில்லை, உடல்நலமும் மனநலமும் வேலைத்திறனும் கெடுகின்றன, ஆகவே இவற்றைப் பரிந்துரைக்க முடியாது என்பதே அதன் முடிவு. இரவில் நன்றாகத் தூங்கிவிட்டுப் பகலில் இருபது நிமிடம் கண்ணயர்வது வேறு விஷயம். அது நல்லது, செய்யலாம்.

பையனுக்கான பதில் அவ்வளவுதான். ஆனால் அவனுடைய அம்மாவுக்கு நாம் என்ன பதில் சொல்லப் போகிறோம்?

என் அப்பா ஸ்டோரில் இரவு வேலை பார்த்தவர். தேயிலை செய்யும் முறை நமக்கெல்லாம் தெரியும். அந்தியில் வந்த கொழுந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வாட வேண்டும். ஊர் உறங்கும் நேரத்தில்தான் அது ரோலருக்குப் பக்குவமாகும். இலையின் பக்குவத்துக்கு மனிதனின் தூக்கம் வளைந்து கொடுக்க வேண்டும். அப்பா விடிந்து வருவார். ஜன்னலில் பழைய கம்பளியைத் தொங்கவிட்டுக்கொண்டு படுப்பார். "அப்பா தூங்குறாரு, சத்தம் போடாதே" என்பதுதான் நான் வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை. ஆனால் பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடும், இஸ்தோப்பில் கோழி கத்தும், பத்து மணிக்கு யாராவது கடன் கேட்டு வருவார்கள். பகல் பன்னிரண்டுக்கு எழுந்து விறகுக்குப் போவார். அந்தியில் இன்னொரு மணித்தியாலம் படுப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் நாலு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்கியதை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ட்ரையருக்குப் பக்கத்தில் நின்றபடியே தூங்கி விழுந்து முழங்கையைச் சுட்டுக்கொண்டார். அந்தத் தழும்பு கடைசி வரை இருந்தது. "கவனயீனம்" என்று எழுதினார்கள். 1997 இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் அளந்து பார்த்தார்கள். பதினேழு மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரைப் போலத் தடுமாறுகின்றன. அந்த நாட்டில் அந்த அளவோடு வாகனம் ஓட்டினால் குற்றம். குடித்துவிட்டு மெஷினில் கை வைக்காதே என்று போர்டு மாட்டுகிறார்கள். தூக்கமில்லாமல் கை வைக்காதே என்று எங்காவது ஒரு போர்டைப் பார்த்திருக்கிறீர்களா?

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2017 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. வெளிச்சத்தையும் இருட்டையும் பார்த்து ஓடும் அந்தக் கடிகாரத்துக்கு ஸ்டோர் சங்கு கேட்காது. இரவு வேலை அதைக் குழப்புகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், இரவு வேலை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று 2007 இல் வகைப்படுத்தியது. 2019 இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரவு வேலை செய்தால் நோய் வந்தே தீரும் என்பது இதன் பொருளுமல்ல. இரவு வேலைக்குக் கொடுக்கும் காசு கண் விழித்ததற்கு மட்டுமல்ல, உடம்பு கொடுக்கும் விலைக்கும் சேர்த்துத்தான் என்பதை நாம் உணர வேண்டும்.

சட்டம் இதைப் பாதியாவது அறிந்து வைத்திருக்கிறது. 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்துக்கு 1984 இல் வந்த திருத்தத்தின்படி, ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக இரவு வேலைக்குக் கட்டாயப்படுத்த முடியாது. மாதத்தில் பத்து நாளுக்கு மேல் இரவு வேலை கொடுக்க முடியாது. கொடுக்கும் இரவுகளுக்கு ஒன்றரை மடங்கு சம்பளமும், ஓய்வறையும் இருக்க வேண்டும். நல்ல சட்டம். என் அப்பாவின் உடம்பும் இரத்தமும் சதையும்தானே? ஆண்களுக்கும் அந்தப் பத்து நாள் வரம்பைக் கேட்பதில் என்ன தவறு?

இனி பெண்கள் பக்கம் வருவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருநாள் ஒரு பயிற்சி கொடுத்தேன். "வீட்டில் முதலில் எழும்புவது யார், கடைசியாகப் படுப்பது யார்" என்று எழுதச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் இரண்டுக்கும் ஒரே பதில்: அம்மா.

அந்த அம்மா நாலு மணிக்கு எழும்புகிறார். பீலியில் தண்ணீர் பிடித்து, தேத்தண்ணி வைத்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறார். மலையில் கூடை நிறைய வேண்டும், இல்லாவிட்டால் அரைப்பேர். அந்தி நிறுவை முடிந்து வீடு வந்தால் மறுபடியும் அடுப்பு. பத்து, பத்தரைக்குத்தான் படுக்கை. அதற்குள்ளும் பிள்ளை இருமும், இரவு வேலைக்குப் போகிறவருக்கு ஒரு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். கைக்குழந்தை உள்ளவருக்கு இரவு முழுவதுமே துண்டுதான். பாலூட்டும் தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளை உண்டு, பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை அரை மணி, இல்லாவிட்டால் ஒவ்வொரு மணி என்று 1939 இல் வந்த பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. நிறுவை போய்விடும் என்ற பயத்தில் அதைக் கேட்டு வாங்காத தாய்மார் எத்தனை பேர் நம் மத்தியில் இருக்கிறார்கள்!

இந்த இடத்தில் கம்பெனியை மட்டும் குற்றம் சொன்னால் நான் நேர்மையாக எழுதியதாகாது. அந்த நாலு மணியில் வீட்டிலுள்ள ஆண்பிள்ளைகள் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். தண்ணீரை ஒருவர் பிடித்து, அடுப்பை ஒருவர் மூட்டினால், அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் மிஞ்சும். இதற்குக் கூட்டு ஒப்பந்தமோ சம்பள நிர்ணய சபையோ தேவையில்லை. சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, "மாதர் அணி வரவில்லையே" என்று நானே குறைப்பட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் வரச் சொல்வது அவர்களுடைய தூக்கத்தில் இன்னொரு துண்டை வெட்டுவது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

விழித்திருப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. மாசியில் காமன் கூத்து நடந்தால் விடிய விடியக் குந்தியிருந்து பார்க்கிறோம். அது நம் விருப்பம், நம் சந்தோஷம். அடுத்தவன் வசதிக்காக வருடம் முழுவதும் கண் விழிப்பதுதான் பிரச்சினை.

"இதையெல்லாம் மாற்ற முடியுமா டீச்சர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாட்டின் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அந்த ஒக்டோபரில் அரை மணியைக் குறைத்தார்கள். நான் அப்போது சிறு பிள்ளை. "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் மணி சொல்வோம். இருட்டில், பனியில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தோடு பாடசாலைக்கு நடந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிள்ளைகள் இருட்டில் போக வேண்டியிருக்கிறது என்று நாடெங்கும் முறைப்பாடு எழுந்தது. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டோடு, பழைய நேரமே திரும்பி வந்தது. ஒரு நாட்டின் நேரத்தையே தள்ளி வைக்கவும் திருப்பி வைக்கவும் முடியுமென்றால், ஒரு தோட்டத்தின் வேலைப் பட்டியலை மாற்ற முடியாதா?

அதனால் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்று நான் முன்மொழிகிறேன்.

முதலாவது, ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை தொடங்குவதற்குள் பதினொரு மணித்தியால ஓய்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 ஆம் ஆண்டு வேலை நேரச் சட்டம் தன் தொழிலாளிக்கு இதைத்தான் கொடுக்கிறது. நம் தேயிலையைக் குடிக்கிறவருக்கு உள்ள ஓய்வு, அதைச் செய்கிறவருக்கும் வேண்டும். இரண்டாவது, ஸ்டோர் வேலைப் பட்டியலை இரண்டு கிழமைக்கு முன்பே ஒட்ட வேண்டும். இரவு வேலை ஆண்களுக்கும் மாதத்தில் பத்து நாளைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, இரவு வேலை செய்பவர்களுக்கு இலவச மருத்துவப் பரிசோதனை. சர்வதேச தொழில் அமைப்பின் 1990 ஆம் ஆண்டு 171 ஆம் இலக்க இரவு வேலைச் சமவாயம் இதைக் கூறுகிறது. நான்காவது, ஸ்டோரில் நடு இரவில் இருபது நிமிடம் கால் நீட்ட ஓர் அறை. ஐந்தாவது, வீட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது, படுக்க ஒரு தனி அறையும் கதவும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இவை வரும் வரை நாமே செய்யக்கூடியவையும் உண்டு. இரவு வேலை முடிந்து வந்தவர் விறகையும் கடையையும் அந்திக்குத் தள்ளிவிட்டு, முதலில் ஒரே இழுப்பாகத் தூங்க வேண்டும். ஜன்னலை நன்றாக மறைக்க வேண்டும். வேலைக்குப் போகுமுன் அரை மணி கண்ணயர்வது நல்லது. தேத்தண்ணியை வேலையின் முதல் பாதியிலேயே குடித்து நிறுத்திவிட வேண்டும். அதன் வேகத்தில் பாதி உடம்பை விட்டுப் போவதற்கே ஐந்து, ஆறு மணித்தியாலம் ஆகும். லயத்தில் யார் வீட்டில் இரவு வேலை என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் ரேடியோவையும் கோயில் ஸ்பீக்கரையும் குறைத்து வைப்போம்.

அந்தப் பையன் இப்போது இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும்புகிறான். எழும்பியதும் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறானாம். அம்மா நாலு மணிக்குப் பதிலாக நாலரைக்கு எழும்புவதாகச் சொன்னார். அரை மணித்தியாலம் வீட்டில் கிடைத்துவிட்டது. மிச்சத்தைத் தோட்டத்திடம் கேட்டு வாங்க வேண்டியது நம் வேலை. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பகல் பத்து மணிக்கு. அம்மாமாரும் வாருங்கள்.